மாப்பிள்ளை மாட்டிவிட்ட பாட்டில்

தம்பி, உங்களுக்கு ஏதாச்சும் வாடை அடிக்குதுங்களா? கருகுன வாடை. பிளாஸ்டிக்கு கருகுனா மூக்கைத் தொளைக்குமே, அது. இல்லீங்களா? நல்லா மோந்து பாருங்க. இல்லைன்னா சரிங்க. எனக்குத்தான் காத்தால இருந்து எதை மோந்தாலும் அதே வாடை. ஊட்டுக்காரி இட்லி வெச்சா, அதுலயும் அடிச்சுது. வாயில வெக்க முடியலைங்க. கையக் கழுவிட்டு வந்து பஸ்ஸேறிட்டேன்.

கோபியில ஏறுனனுங்க. மேட்டுப்பாளையத்துல மக ஊடு, அங்க போறேன். நீங்க? சிறுமுகையா. அப்ப ரொம்ப தூரம் கூடவே வருவீங்க. நல்லதாப் போச்சு. தனியா உக்காந்திருந்தா என்னென்னமோ தோணுதுங்க. வாய் பேசிட்டு இருந்தா மனசு கொஞ்சம் சும்மா கெடக்கும். இந்த டிரைவரு ஏனுங்க இப்படி உருட்டறாரு? சத்தியமங்கலமே இப்பத்தான் தாண்டுது.

ஏன் இப்படி மோந்துக்கிட்டே இருக்கறேன்னு பாக்கறீங்களா? சளி கிளி இல்லீங்க. பயம். வயசான காலத்துல ஒளிச்சு என்ன, பயந்தானுங்க.

ஆனா பயந்தாங்கொள்ளின்னு நெனச்சுக்காதீங்க. சென்னியப்பன் வாத்தியாருன்னா எங்க பக்கம் கேட்டுப் பாருங்க. சயின்சு வாத்தியாரு. ஊருக்குள்ள ஒரு சாமியாரு வந்து நாக்குல கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டுனாருங்க. சனம் பூரா கன்னத்துல போட்டுக்குச்சு. நான் ஸ்கூல் விட்டு நேரா அங்க போயி, அத்தனை பேரு முன்னாலயும் அதே கற்பூரத்தை வாங்கி என்ர நாக்குல வெச்சுக் கொளுத்தி, வாய மூடி அணைச்சுக் காட்டுனனுங்க. எச்சி ஈரத்துல இருக்குது சூட்சுமம், சாமியில இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். சாமியாரு அன்னைக்கே மூட்டை கட்டிட்டாரு. பொய்யின்னா எனக்கு ஆகவே ஆகாதுங்க. யாரா இருந்தாலும் மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போடுவேன்.

உங்ககிட்ட காரு இருக்குதுங்களா? இருக்குதா. அப்ப அந்தப் பாட்டிலைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. பெட்ரோலு மிச்சம் பண்ணற பாட்டிலு. கேள்விப்படலையா? கும்புடு போட்டுச் சொல்றேன், கேள்விப்பட்டாலும் வாங்கிப்போடாதீங்க.

அது ஒண்ணுமில்லீங்க தம்பி, கெட்டி பிளாஸ்டிக்குல ஒரு பாட்டிலு. ஊறுகா சாடி ஒசரம். அதுல தண்ணிய ஊத்தி ஒரு வெள்ளைப் பொடியக் கலக்கோணும். கம்பெனிக்காரன் அதுக்குச் சக்திப்பொடின்னு பேரு வெச்சிருக்கறான். சோப்பு காய்ச்சறதுக்குப் போடற காரந்தானுங்க அது, மேல பட்டா தோலை உரிச்சுப்போடும். பாட்டிலைக் கொண்டுபோயி பானட்டுக்குள்ள மாட்டி, பேட்டரியில இருந்து ரெண்டு ஒயரை இழுத்து உள்ள உடோணும். வண்டி ஓட ஓட, கரண்டுல தண்ணி பிரிஞ்சு வாயு வரும். அந்த வாயு ஒரு ட்யூப் வழியா எஞ்சினுக்குப் போயி எரியும். அதனால பெட்ரோலு பாதிக்குப் பாதி மிச்சமாம்.

வாயு வர்றது நெசம். மிச்சம்ங்கறதுதான் பொய்யி.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. பேட்டரிக்குக் கரண்டு எங்கிருந்து வருது? எஞ்சின் சுத்தறதுல இருந்து. எஞ்சின் எதுல சுத்துது? பெட்ரோல்ல. பெட்ரோலை எரிச்சுக் கரண்டு எடுத்து, கரண்டுல தண்ணியப் பிரிச்சு, பிரிஞ்சதை எரிச்சு, பெட்ரோலை மிச்சம் புடிக்கறதுன்னா, கெணத்துல உழுந்தவன் தன்ர குடுமியத் தானே புடிச்சுத் தூக்கிக்கிட்டு மேல ஏறி வந்த மாதிரிங்க. ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும், அதிகமாகாது. பத்தாவது புள்ளைக்குத் தெரியும் இது. நாந்தானுங்களே சொல்லிக் குடுத்தேன்.

அந்த வாயு என்ன பண்ணும்னும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன். வருசா வருசம் செஞ்சு காட்டுவனுங்க. சோதனைக் குழாயில அதைப் புடிச்சு, எரியற குச்சியக் கிட்டக் கொண்டுபோனா ‘டப்’னு ஒரு சத்தம் வரும். புள்ளைக சிரிச்சுக் கைதட்டும். இன்னொரு தடவை சார், இன்னொரு தடவை சார்ங்கும். சோதனைக் குழாயி வெரலளவு தம்பி. மாப்ள வண்டியில மாட்டியிருக்கறது சொம்பளவு. அதுக்குப் பக்கத்துலயே எஞ்சின் கொதிச்சுட்டுக் கெடக்குது. அதுக்கு இந்தப் பக்கம், முன்சீட்டுல, என்ர மக. மக மடியில பாப்பா. ரெண்டு வயசுதானுங்க ஆகுது.



மாட்டுனது யாருன்னு கேக்கறீங்களா? மாப்ளதானுங்க. என்ர மருமவன் ஜெகதீசு. அவருதான் இந்தப் பக்கத்துக்கே அந்தப் பாட்டிலுக்கு ஏஜெண்டு. தங்கமான மனுசனுங்க, ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசரா இருந்தாரு. மில்லை இழுத்து மூடிட்டாங்க. அதுக்கப்புறம் மனுசன் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்தவருதான். குளிக்கறதில்லை, சவரம் பண்ணறதில்லை, கொழந்தை வந்து மேல உழுந்து சிரிச்சாக் கூடத் திரும்பிப் பாக்கறதில்லை. மக போன் பண்ணும். பேசாது, மூக்கை உறிஞ்சற சத்தம் மட்டும் கேக்கும். அப்படி இருந்தவரு இந்தப் பாட்டிலு கெடைச்சப்பறம் எந்திரிச்சு உக்காந்தாருங்க. சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு, பாப்பாவைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு வந்தாரு. மக மொகத்துல அன்னைக்குத்தான் வெளிச்சம் பாத்தேன். இப்பச் சொல்லுங்க, நான் வாயத் தொறந்து, மாப்ள இது ஏமாத்து வேலைங்கன்னு சொல்ல முடியுங்களா?

ஆடி நோம்பிக்கு அழைச்சிருந்தமுங்க. கறியெடுத்து, எலை போட்டு, எல்லாம் முறையாச் செஞ்சோம். வந்தவரு உள்ளகூட வரலை. ‘மாமா, உங்களுக்குத்தான் இந்தப் பக்கம் முதல் பாட்டிலு, கைராசிக்கு உங்க வண்டியிலதான் மாட்டோணும்’ன்னு சட்டையக் கழட்டிட்டு பானட்டுக்குள்ள தலைய உட்டுட்டாரு. நோம்பிக்கு வந்த மாப்ளையக் கையப் புடிச்சுத் தடுக்கறதுங்களா? நீங்க தடுப்பீங்களா? மாட்டி முடிச்சு, ‘ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க மாமா’ன்னாரு. ஓட்டிட்டு வந்தேன். எறங்கும்போது ஆசையா மொகத்தப் பாத்து, ‘எப்படிங்க மாமா இருக்குது?’ன்னாரு.

நான், ‘பரவால்லைங்க மாப்ள’ன்னேன்.

அவ்வளவுதானுங்க நான் சொன்னது. ஒத்தை வார்த்தை. நம்மூர்ல பரவால்லைன்னா என்னங்க அர்த்தம்? சோத்துல கல்லுக் கெடந்தா பரவால்லைங்கறோம். இப்ப ஏறும்போது உங்க காலை நான் மிதிச்சனே, நீங்க என்ன சொன்னீங்க? பரவால்லைன்னுதான சொன்னீங்க? உடுங்க, போச்சாது போங்கன்னு அர்த்தம். நான் அந்த அர்த்தத்துலதான் சொன்னேன். மாப்ள அதை, நல்லா இருக்குது, தேவலைன்னு எடுத்துக்கிட்டாரு. அதுவும் ஒரு அர்த்தந்தான், இல்லைங்கலை. பொய் சொன்னனா? பொய் ஒண்ணும் சொல்லலீங்களே.

அவரு கையில போன் இருந்துச்சு. மணி பாக்கறாருன்னு நெனச்சேன். அதுல படம் புடிச்சுட்டு இருந்திருக்காருங்க.

அப்பறம் அது ஊரு பூராப் போயிருச்சு. கீழ எழுத்து வேற போட்டு உட்டிருக்காரு: காலமெல்லாம் சயின்சு சொல்லிக் குடுத்த வாத்தியாரே சொல்றாரு, பாருங்கன்னு. நான் காரை உட்டு எறங்கறேன், சிரிக்கறேன், பரவால்லைங்கறேன். என்கிட்டப் படிச்ச பையனுக போன் மேல போன். ‘சார், நீங்களே சொல்லிட்டீங்க, அப்பறம் என்ன சார்’ங்கறானுக. வாடகைக் காரு ஓட்டற ஒருத்தன் ஊட்டுக்கே வந்துட்டான். ‘சார், நெசமா மாட்டலாமா சார்?’ன்னு. அப்பப் பாத்து மாப்ள உள்ள உக்காந்து காப்பி குடிச்சுட்டு இருக்காரு. நான் என்ன சொல்லறது? ‘உனக்கு எது செரின்னு படுதோ பாத்துச் செய்யி சாமி’ன்னேன். புத்தியுள்ளவன்னா அதுலயே புரிஞ்சுக்கோணுமுங்க. அவன் என்ர காலைத் தொட்டுக் கும்புட்டுட்டு நேரா மாப்ளகிட்டப் போயி வாங்கிட்டான்.

ஊட்டுக்காரி கெடந்து அடிச்சுக்கிட்டா. ‘சாமியார்கிட்ட மட்டும் அந்தத் துள்ளு துள்ளுனீங்க, மருமவன்கிட்ட ரெண்டு வார்த்தை சொல்ல வாயில்லையா?’ங்கறா. உனக்கென்னடி தெரியும்னேன். சாமியாருக்கா பொண்ணு குடுத்திருக்கறோம்? பொம்பளைகளுக்கு இந்தச் சூதானமெல்லாம் தெரியறதில்லீங்க.

நான் அப்படியே உட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. புத்தியாத்தான் நடந்துக்கிட்டேன். அவரு அந்தப் பக்கம் போனதும் என்ர வண்டியில பேட்டரி ஒயரைப் புடுங்கி உட்டுட்டனுங்க. பாட்டிலு இருக்கும், வேலை செய்யாது. மாப்ள வர்றாருன்னு தெரிஞ்சா, வாசல்ல வண்டிச் சத்தம் கேக்கறதுக்குள்ள போயிச் சொருகி வெச்சுருவேன். போனதும் புடுங்கிருவேன். அவருக்கும் மனசு நோகாது, நமக்கும் ஆபத்தில்லை. எப்படீங்க ரோசனை? இதுதானுங்க அனுபவம்ங்கறது.

மக வண்டியா? அது அவங்க வண்டியில்லீங்களா. நான் போயிக் கை வெக்க முடியுங்களா?

ஆனா காத்தால இருந்து மனசு மனசா இல்லீங்க, அதான் என்ர வண்டிய எடுக்காம பஸ்ஸேறுனேன். மக போன் பண்ணுச்சு. பூங்கொடின்னு பேரு. ‘அப்பா, பானட்டுக்குள்ள கொதிக்கற மாதிரி சத்தம் வருதுப்பா. பிளாஸ்டிக்கு கருகற வாடை அடிக்குது. இவரு ஒண்ணுமில்லைங்கறாரு. உங்கப்பாவே பரவால்லைன்னு சொல்லலையா, அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சுருச்சுங்கறாரு. நெசமாப் பரவால்லையாப்பா?’ன்னு கேக்குது. சின்ன வயசுல ஊசி போடப் போனா, வலிக்காதாப்பான்னு கேக்குமுங்க. அதே குரலு.

பக்கத்துலயே மாப்ள பேசற சத்தம் கேக்குது. ‘நான் நேர்லயே வரேன் கண்ணு’ன்னு சொல்லி வெச்சுட்டேன். போன்ல பேசற சமாச்சாரமுங்களா இது? மனுசன் மூஞ்சியப் பாத்து, பக்குவமா, பையச் சொல்லோணும்.

கோத்தகிரியில யாரோ பாட்டிலு வாங்குனவங்க ஊட்டுல புதுமனை புகுவிழாவாம், சாப்பிட்டுட்டு மத்தியானமா மலையேறறமுன்னு சொல்லுச்சு. மத்தியானத்துக்குள்ள நான் போயிருவேன். போயி சொல்லிருவேன். பாட்டிலைப் பத்திச் சொல்லோணும்னு இல்லீங்க, அத்தைக்கு ஒடம்பு செரியில்லை, வாங்க கோபிக்குப் போலாம்னு கூட்டிட்டு வந்துட்டா ஆச்சு. அப்படியும் ஒரு வழி வெச்சிருக்கேன். அவங்க வண்டியிலயேவா கூட்டிட்டு வர்றதுங்கறீங்களா? அட ஆமாங்க. அதை ரோசிக்கலை.

அந்த மலை ரோட்டைப் பாத்திருக்கீங்களா? ஒரே ஏத்தம். எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், பானட்டு சுடும். தண்ணி கொதிக்கும், வாயு கூட வரும், ஒயரு சூடாகும். ஒரு பொறி போதுமுங்க.

இருங்க, போன் அடிக்குது. மகதான்.

கண்ணு, சொல்லு கண்ணு. வந்துட்டே இருக்கறேன், புளியம்பட்டிகிட்ட... என்னது? எங்க? கெளம்பிட்டீங்களா? ஏன் கண்ணு, மத்தியானமுன்னு சொன்ன... பாப்பா எங்க? செரி. மாப்ளயா? குடு. மாப்ள, வணக்கமுங்க மாப்ள. ஆமாங்க, பஸ்லதான். அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, சும்மா உங்களையெல்லாம் பாத்துட்டுப் போலாம்னு... வாடையா? ஆமாங்க, பூங்கொடி சொல்லுச்சுங்க. புதுச் சாமான்னா அப்படித்தான் இருக்குமுங்களா? செரீங்க மாப்ள. யாருங்க கூட? செரீங்க. அவருகிட்ட ஒண்ணும் குடுக்க வேண்டாமுங்க, நான் என்ன பேசறது... வணக்கமுங்க. ஆமாங்க, நாந்தானுங்க அந்த வாத்தியாரு. சந்தோசமுங்க. மாப்ளகிட்டச் சொல்லுங்க, ரோட்டைப் பாத்துப் பையப் போகச் சொல்லுங்க. வெச்சுரட்டுங்களா.

போயிட்டாங்க தம்பி. ஏற ஆரம்பிச்சுட்டாங்களாம். சீக்கிரம் நல்ல நேரமாம், அதனால காத்தாலயே கெளம்பிட்டாங்க. வண்டிக்குள்ள இன்னொருத்தரு வேற இருக்காரு, பாட்டிலு வாங்கலாமுன்னு பாக்கறவராம். போனை அவருகிட்டக் குடுத்துட்டாரு. வெளி ஆளு முன்னாடி மாப்ளையத் தலை குனிய வெக்கறதுங்களா? நான்தான் சொல்லிட்டேனே, கேட்டீங்கல்ல? பையப் போகச் சொல்லுங்கன்னேன். அதுக்கு மேல ஒரு மாமனாரு என்னங்க சொல்ல முடியும்?

வேண்டாமுங்க. போனை உடுங்க தம்பி. நீங்க பேசறீங்களா? அவங்களுக்கு நீங்க யாருங்க? பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவரு போன் பண்ணி, உங்க மாமனாரு இப்படிச் சொல்றாருன்னு சொன்னா மாப்ள என்ன நெனைப்பாரு? ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரா மாமான்னு நெனைக்க மாட்டாருங்களா? உடுங்க. உங்க நல்ல மனசு புரியுதுங்க. உடுங்க.

எனக்கு மட்டும் பயமில்லைங்கறீங்களா? கண்ணை மூடுனா அந்த ‘டப்’ சத்தந்தான் கேக்குது. தண்ணி இருக்குதுங்களா? வேண்டாம், எறங்காது.

இந்தப் பக்கம் ரோட்டோரம் ஏதாச்சும் கோயில் வருதுங்களா? சும்மா கேட்டேன். நான் கும்புடறவன் இல்லை. ஊட்டுக்காரிக்காகத்தான் ஒரு ரூவாயாவது உண்டியல்ல...

அடிக்குதுங்க. மறுபடியும் அடிக்குது. பூங்கொடி பேருதான். இப்பத்தான பேசி வெச்சாங்க? மறுபடி ஏன் அடிக்கோணும்? என்னால முடியாதுங்க. எடுக்க முடியாது. நீங்க எடுங்க தம்பி, கும்புடறேன், எடுத்து என்னன்னு மட்டும் கேளுங்க. நீங்க மொதல்ல கேட்டுட்டு எனக்குச் சொல்லுங்க. பையச் சொல்லுங்க.

என்னங்க? என்னங்க சொல்றாங்க? வெடிச்சுருச்சா? ஐயோ. பாப்பா? பாப்பா எங்கன்னு கேளுங்க தம்பி. எறங்கிட்டாங்களா? எல்லாரும் எறங்கிட்டாங்களா? பூங்கொடி இடுப்புல இருக்குதா? நல்லாக் கேட்டீங்களா, இடுப்புலதான இருக்குது? மாப்ள? கையிலயா? பானட்டைத் தொறக்கப் போனாரா? பாட்டில் தண்ணி தெறிச்சுருச்சா? குடுங்க போனை. குடுங்க இங்க.

கண்ணு, நான் சொல்றதைக் கேளு. அழுவாத. அது காரம். தண்ணி ஊத்து, நெறையா ஊத்து. மாவு, எண்ணெய், மண்ணு ஒண்ணும் வெக்க உடாத. பக்கத்துல கடை இருக்குதா? கொடத்தோட வாங்கி ஊத்து, நிறுத்தாம ஊத்து, எரிச்சல் நின்னாலும் ஊத்து. கண்ணுல பட்டுச்சா? கேளு. பாத்துச் சொல்லு. படலையா. நெசமாப் படலையா. செரி. சட்டைய வெட்டி எடுத்துரு. தண்ணி உட்டுட்டே கூட வந்தவருகிட்ட வேற வண்டி புடிக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரு. நம்ம காருகிட்ட யாரும் போகாதீங்க. பாப்பாவைத் தள்ளி நிக்க வெய்யி. ஆமா கண்ணு. அப்பா வந்துட்டே இருக்கறேன் கண்ணு.

என்ன, மாப்ள பேசறாரா? இப்ப எதுக்கு... செரி, காதுகிட்ட வெய்யி.

மாப்ள. ஆமாங்க, நாந்தானுங்க.

ம்.

ம்.

செரீங்க மாப்ள.

செரீங்க.

வெச்சுட்டாருங்க. பாப்பாவுக்கு ஒரு கீறல் இல்லையாம் தம்பி. மகளுக்கும் ஒண்ணுமில்லை. மாப்ளைக்குத்தான் கை ரெண்டும். மனுசன் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசறாரு. என்ன சொன்னாருன்னு கேளுங்க. ‘நீங்க மனசு சங்கடப்படாதீங்க மாமா’ங்கறாரு. ‘நீங்களும் நம்புனீங்க, நானும் நம்புனேன், கம்பெனிக்காரன் நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திப்போட்டான்’ங்கறாரு. அப்பறம், ‘இப்பவே அத்தைக்குப் போன் பண்ணுங்க மாமா, உங்க வண்டிய யாரும் எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. முதல்ல அந்த ஒயரைப் புடுங்கிப்போடச் சொல்லுங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் பூங்கொடி மூஞ்சியில எப்படி முழிப்பேன்’னு கேக்கறாருங்க. அழுவறாரு தம்பி, அந்தக் கையோட.

நான் ஒடனே புடுங்கச் சொல்லிடறேங்க மாப்ளன்னு சொல்லிட்டேன். அந்த நேரத்துல வேற என்னங்க சொல்லறது?

ஏந் தம்பி, எந்திரிச்சுட்டீங்க? உங்க ஊரு இன்னும் வரலீங்களே. அங்க பின்னால சீட்டெல்லாம் குலுக்குமுங்க, இங்கயே உக்காருங்க. தம்பி.